வீட்டிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள உதவும் கைப்பேசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரை நோய்க்கோ மருந்து எடுத்துக்கொள்கிறவர் மருத்துவரைப் பார்ப்பது மாதத்துக்கு ஒரு முறை, பல வேளைகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. இடைப்பட்ட நாட்களில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய அவரிடம் இருப்பவை ஒரு பி.பி. மெஷின், ஒரு குளுக்கோமீட்டர், கையில் ஒரு போன். இவற்றை எப்படிச் சேர்த்துப் பயன்படுத்துவது என்று நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது.

இந்த ஏற்பாட்டில் கைப்பேசிக்கு என்ன வேலை?

அளப்பது கருவியின் வேலை. முடிவெடுப்பது மருத்துவரின் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவே எண்களைத் தவறாமல் சேர்த்து வைப்பதும், நேரத்துக்கு நினைவூட்டுவதும், உரியவரிடம் கொண்டு சேர்ப்பதும் கைப்பேசியின் வேலை. இந்த எல்லையை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஏனெனில், இந்தத் துறையில் மக்கள் ஏமாறும் இடங்களில் பெரும்பாலானவை, போனே அளந்துவிடும், போனே முடிவும் சொல்லிவிடும் என்ற நம்பிக்கையிலிருந்துதான் தொடங்குகின்றன.

இதனால் உண்மையிலேயே நோய் கட்டுப்படுகிறதா?

கட்டுப்படுகிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. பிரிட்டனில் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராத 1,182 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து ஓராண்டு கவனித்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. முதல் குழுவினர் வழக்கம்போல் மருத்துவமனைக்கு மட்டும் சென்றனர். இரண்டாம் குழுவினர் வீட்டில் அளந்து தாளில் எழுதி அனுப்பினர். மூன்றாம் குழுவினர் வீட்டில் அளந்து குறுஞ்செய்தியாக அனுப்பினர். ஓராண்டு முடிவில் மேல் அழுத்தத்தின் (பி.பி. அளவில் முதலில் சொல்லப்படும் எண்ணின்) சராசரி வழக்கமான குழுவில் 140.4 ஆகவும், தாளில் எழுதியவர்களிடம் 137.0 ஆகவும், குறுஞ்செய்தி அனுப்பியவர்களிடம் 136.0 ஆகவும் இருந்தது.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். வீட்டில் அளந்த இரு குழுக்களுமே முன்னேறியிருக்கின்றன. அவற்றுக்கு இடையிலான வேறுபாடு சிறிது. ஆறாம் மாதத்தில் குறுஞ்செய்திக் குழு சற்று முந்தியிருந்தது, அவ்வளவே. அந்த ஆய்வில் மருத்துவர்கள் நோயாளிகள் அனுப்பிய எண்களைப் பார்த்து மருந்தை மாற்றினார்கள் என்பதுதான் முக்கியம். பார்த்து முடிவெடுக்க ஒருவர் இருந்ததால் எண்களுக்குப் பயன் இருந்தது. யாரும் பார்க்காத எண்களை எவ்வளவு அழகான செயலியில் சேர்த்து வைத்தாலும் அழுத்தம் தானாக இறங்காது.

நம் மண்ணில் நடந்த ஆய்வு ஒன்றும் உண்டு. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களை இரண்டு ஆண்டுகள் கவனித்து, 2013இல் முடிவை வெளியிட்டது. எல்லோருக்கும் தொடக்கத்தில் உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை தரப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும் அதை நினைவூட்டும் குறுஞ்செய்திகள் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தன. செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும், பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் வந்தது. விலை உயர்ந்த போனோ இணையமோ தேவைப்படாத ஒரு முறை இத்தனை பேரைக் காத்திருக்கிறது என்பதை நினைக்கும்போது மனம் நிறைகிறது.

எங்கள் வீட்டில் பட்டன் போன்தான் இருக்கிறது. அது போதுமா?

போதும். மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளிலும் பயன்பட்டது சாதாரணக் குறுஞ்செய்திதான். கென்யாவில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தியில் நலம் விசாரித்து, சிக்கல் இருப்பதாகப் பதில் வந்தால் செவிலியர் அழைத்துப் பேசும் முறையை 538 பேரிடம் சோதித்தார்கள். மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் அந்தக் குழுவில் 62 விழுக்காடும், மற்றக் குழுவில் 50 விழுக்காடும் இருந்தனர். இந்தியாவில் காசநோய் மருந்துக்காக வந்த ஒரு முறையில், மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் அதன் பின்னால் மறைந்திருக்கும் எண் தெரியும். நோயாளி அந்த எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைத்தால் அன்றைய மருந்து எடுத்ததாகப் பதிவாகும். அழைத்தவர் மாத்திரையை விழுங்கினாரா என்பதை எந்தப் போனும் சொல்லாது என்பது உண்மைதான். ஆனாலும் அழைப்பு வராத நோயாளியை யார் தேடிப் போக வேண்டும் என்பதாவது தெரியவருகிறது.

பட்டன் போனில் அலாரம் வைத்து, எண்களை ஒரு நோட்டில் எழுதி, மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டைக் கொண்டு போவதே ஒரு முழுமையான முறைதான்.

எந்த பி.பி. மெஷின் வாங்க வேண்டும்?

மேல்கையில் பட்டை சுற்றி அளக்கும் தானியங்கிக் கருவியை வாங்குங்கள். மணிக்கட்டிலும் விரலிலும் அளப்பவற்றைத் தவிர்த்துவிடலாம். துல்லியம் சோதிக்கப்பட்ட கருவிகளின் பட்டியல்களை மருத்துவ அமைப்புகள் இணையத்தில் வெளியிடுகின்றன. வாங்க நினைக்கும் மாடல் அவற்றில் உள்ளதா என்று பாருங்கள். ப்ளூடூத் வசதி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. நினைவகம் மட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது கைப்பட்டையின் அளவு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, பட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் அது வருகிறதா என்று பார்க்க வேண்டும். பருமனான கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும். 2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையால் அளந்தபோது மேல் அழுத்தம் சராசரியாக 19.5 மி.மீ. அதிகமாகக் காட்டியது. என் தாயாருக்கும் இதுவே நடந்தது. பெட்டியோடு வந்த பட்டை அவருடைய கைக்குச் சிறியது என்பதைச் சில வாரங்கள் யாருமே கவனிக்கவில்லை. பிரஷர் ஏறிவிட்டது என்று வீடே கவலைப்பட்டது. பெரிய பட்டை வாங்கிச் சுற்றியதும் எண் இறங்கியது. அந்தச் சில வாரங்களில் ஒரு மாத்திரை கூடியிருந்தால், தேவையில்லாத மருந்தால் அவருக்குத் தலைசுற்றல் வந்திருக்கும்.

சரியாக அளப்பது எப்படி?

அளப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, தேநீர், புகை, நடைப்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, சாய்மானம் உள்ள நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், பாதம் இரண்டும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். சட்டைக் கையின் மேலோ ரவிக்கையின் மேலோ அல்லாமல் வெறும் தோலின் மேல் பட்டையைச் சுற்றி, கையை மேசை மீது நெஞ்சு உயரத்தில் வைக்க வேண்டும். கருவி அளந்துகொண்டிருக்கும்போது பேசக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்களும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. போனும் அந்த நேரத்தில் தள்ளியே இருக்கட்டும்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் பதியுங்கள். காலையில் மாத்திரைக்கும் சிற்றுண்டிக்கும் முன்பாகவும், மாலையில் அல்லது இரவிலும் அளந்து, இப்படி ஏழு நாட்கள் தொடர வேண்டும். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை மருத்துவரிடம் காட்டினால், அது மருத்துவமனையில் ஒரு முறை அளந்த எண்ணைவிட நம்பகமானது. இதயத் துடிப்பு சீரற்று இருப்பவர்களுக்குக் கருவி தடுமாறும். அவர்கள் மூன்று முறை அளப்பது நல்லது.

மருத்துவமனையில் ஒரு எண், வீட்டில் வேறு எண். எதை நம்புவது?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். வெள்ளை அங்கியைப் பார்த்ததும் அழுத்தம் ஏறுகிறவர்கள் உண்டு. மருத்துவமனையில் சரியாகக் காட்டி, வீட்டிலும் வேலையிடத்திலும் மட்டும் ஏறுகிறவர்களும் உண்டு. இரண்டாம் வகையினர்தான் எனக்குக் கூடுதலாகக் கவலை தருகிறவர்கள். பரிசோதனையில் தப்பிவிடுவதால் அவர்களுக்குச் சிகிச்சையே தொடங்குவதில்லை. வீட்டுச் சராசரிக்கான எல்லையும் வேறு: மருத்துவமனையில் 140/90 என்பது உயர் அழுத்தத்தின் எல்லை என்றால், வீட்டில் அது 135/85.

விரலை கேமராவின் மேல் வைத்தால் பிரஷர் சொல்லும் செயலியை நம்பலாமா?

நம்ப வேண்டாம். இப்படி விற்கப்பட்ட ஒரு செயலியை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையில் உயர் அழுத்தம் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கும் மேலானவர்களிடம் 'உங்கள் அழுத்தம் சரியாக இருக்கிறது' என்று அந்தச் செயலி சொல்லியிருந்தது. கருவியே இல்லாதிருப்பதைவிட இது ஆபத்தானது. கருவி இல்லாதவர் ஐயத்தோடாவது இருப்பார். இவரோ தவறான நிம்மதியில் மாத்திரையை நிறுத்திவிடுவார். செயலிக் கடையில் அதற்கு எத்தனை நட்சத்திரங்கள் இருந்தாலும் அவை துல்லியத்துக்குச் சான்றாகாது.

ஸ்மார்ட் வாட்ச் போதாதா?

நடந்த அடிகளையும் நாடித் துடிப்பையும் பார்க்கப் போதும். துடிப்பின் ஒழுங்கின்மையைக் கண்டுபிடிப்பதில் சில கடிகாரங்கள் உதவுகின்றன. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2019இல் வெளியான ஆப்பிள் கடிகார ஆய்வில் எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 விழுக்காட்டினர்தான். அவர்களில் பிறகு மார்பில் ஒட்டும் பட்டையால் சோதித்துக்கொண்டவர்களில் 34 விழுக்காட்டினரிடம் அந்தக் குறை அப்போதும் காணப்பட்டது. ஆகவே கடிகாரம் எச்சரித்தால் இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள், எச்சரிக்கவில்லை என்பதற்காக நெஞ்சுப் படபடப்பை அலட்சியம் செய்யாதீர்கள்.

ஊசி குத்தாமலே சர்க்கரை காட்டும் என்று விற்கப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் வாங்கவே வாங்காதீர்கள். அத்தகைய எதற்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அவை காட்டும் பொய்யான எண்ணை நம்பி ஒருவர் இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

சர்க்கரையை எத்தனை முறை பார்க்க வேண்டும்?

இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இதை மருத்துவர்தான் வகுத்துத் தர வேண்டும். நாளில் பல முறை தேவைப்படலாம். மாத்திரை மட்டும் எடுத்து, சர்க்கரை நிலையாக இருப்பவர்கள் நாள்தோறும் விரலைக் குத்திக்கொள்வதால் பெரும்பாலும் கூடுதல் பயன் இல்லை. ஸ்ட்ரிப்பின் (ரத்தத் துளியை வைத்து மீட்டரில் செருகும் பட்டையின்) விலையையும் விரலின் வலியையும் எண்ணிப் பார்த்தே இதைச் சொல்கிறேன்.

அவர்களுக்குப் பயன்படுவது இணை அளவு. ஒரு வேளை உணவுக்குச் சற்று முன்பும், உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து, தட்டில் இருந்ததை ஒரு புகைப்படம் எடுத்து, இரண்டு எண்களையும் அதனுடன் சேர்த்து வையுங்கள். ஒரு நாள் நான்கு இட்லி, இன்னொரு நாள் இரண்டு இட்லியோடு கூடுதலாகச் சாம்பாரும் சுண்டலும், மற்றொரு நாள் பொங்கல் என்று ஒரு வாரம் செய்து பார்த்தால், எந்த உணவு எத்தனை ஏற்றுகிறது என்பது உங்கள் உடம்பைக் கொண்டே தெரிந்துவிடும். 'சாதத்தைக் குறையுங்கள்' என்று பிறர் பத்துமுறை சொல்வதைக் காட்டிலும் அந்த இரண்டு எண்கள் மனத்தில் தைக்கும். கைப்பேசி நோயாளிக்குத் தரக்கூடியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

குளுக்கோமீட்டர் எண் ஆய்வக எண்ணோடு ஏன் ஒத்துப்போவதில்லை?

ஓரளவு வேறுபாடு இயல்பு. பன்னாட்டுத் தர அளவுகோலின்படி, சர்க்கரை 100க்கு மேல் இருக்கும்போது மீட்டரின் அளவுகளில் 95 விழுக்காடு, ஆய்வக எண்ணிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். ஆய்வகத்தில் 200 என்றால் மீட்டர் 170 முதல் 230 வரை எதைக் காட்டினாலும் அது பழுதில்லை. அதற்கும் மேல் போனால் முதலில் கையைப் பாருங்கள். மாம்பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால், மீட்டர் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்தே காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைப்பதும், 30 டிகிரிக்கு மேல் வெப்பம் உள்ள இடத்தில் வைப்பதும் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். நம் ஊர் மே மாதத்தில் ஜன்னல் ஓரமும் ஸ்கூட்டர் பெட்டியும் அதற்கு ஏற்ற இடங்கள் அல்ல.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த மீட்டர் 7.2 என்பது போன்ற எண்ணைக் காட்டினால் பதற வேண்டாம். அது வேறு அலகு. 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய எண் கிடைக்கும்.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் பற்றி?

அது ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களைச் சுற்றியிருக்கும் நீரில் உள்ள சர்க்கரையை அளந்து போனுக்கு அனுப்புகிறது. ஆகவே உணவுக்குப் பின்போ உடற்பயிற்சியின்போதோ சர்க்கரை வேகமாக மாறும் வேளைகளில், அது ரத்தத்துக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே இருக்கும். சென்சார் ஒட்டிய கையின் மேல் படுத்துத் தூங்கினால், அந்த அழுத்தத்தாலேயே சர்க்கரை தாழ்ந்துவிட்டதாக நள்ளிரவில் அலாரம் அடிக்கலாம். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் முரண்பட்டால் விரலைக் குத்திப் பார்த்துவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இது பெரும் பாதுகாப்பு. மற்றவர்கள் மருத்துவர் சொன்னால் இரண்டு வாரம் ஒட்டிப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம்.

எந்த எண்ணைக் கண்டால் உடனே செயல்பட வேண்டும்?

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மறுபடியும் அதையே செய்ய வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

அழுத்தம் 180/120ஐத் தொட்டால், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்தல், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது அவசரம், உடனே 108. இல்லையென்றால் சில நிமிடம் அமர்ந்து மீண்டும் அளந்து, அப்போதும் அதே நிலை என்றால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். இந்த அறிகுறிகள் இருக்கும்போது அழுத்தம் இயல்பாகக் காட்டினாலும் காத்திருக்கக் கூடாது என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

இதயம் பலவீனமானவர்கள் அளக்க வேண்டிய இன்னொன்று உடல் எடை. மூன்று நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று பொருள். மூச்சிரைப்பு வரும்வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எண் நன்றாக இருந்தால் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மாத்திரை வேலை செய்வதால்தான் எண் நன்றாக இருக்கிறது.

மருத்துவருக்கு எண்களை எப்படி அனுப்புவது?

முதலில் அவரிடம் கேளுங்கள். எந்த வழியில், எத்தனை நாளுக்கு ஒரு முறை அனுப்பலாம், யார் பார்ப்பார்கள், எந்த எண்ணைத் தாண்டினால் அழைக்க வேண்டும் என்பவற்றைப் பேசி முடிவு செய்துகொள்ளாமல் வாட்ஸ்ஆப்பில் எண்களை அனுப்பிக்கொண்டிருந்தால், மருத்துவர் பார்த்துக்கொள்கிறார் என்று நோயாளியும், அவசரமென்றால் நோயாளி அழைப்பார் என்று மருத்துவரும் இருந்துவிடுவார்கள். நாள், நேரம், இரண்டு எண்கள், தவறிய மாத்திரை ஏதாவது இருந்தால் அது, இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருந்தால் அவர் அரை நிமிடத்தில் படித்துவிடுவார். அதிக எண் வந்த நாளை விட்டுவிட்டு நல்ல எண்களை மட்டும் எழுதும் பழக்கம் பலரிடம் உண்டு. திட்டு விழும் என்ற அச்சமே காரணம். கருவியிலிருந்து நேரே போனுக்குப் போகும் எண்களில் இந்தச் சிக்கல் வராது.

இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான நடைமுறை விதிகள் 2020 மார்ச் 25 அன்று வெளியாகின. அரசின் இ-சஞ்சீவனி வழியாகவும் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால், உங்கள் பதிவுகளை அவர்களிடமும் காட்டுங்கள்.

வெளிநாட்டில் இருந்தபடி பெற்றோரின் எண்களைக் கவனிக்கிறோம். எதில் எச்சரிக்கை தேவை?

எண் உங்கள் போனுக்கு வந்துவிடும். ஆனால் உங்களால் அந்த இரவில் அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போக முடியாது. ஆகவே ஊரில் பக்கத்து வீட்டிலோ உறவிலோ ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் முதலில் அந்த ஏற்பாட்டுக்குள் வர வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் அழைத்துக் கேள்வி கேட்டால் பெற்றோர் அளப்பதையே நிறுத்திவிடுவார்கள், அல்லது கருவி கெட்டுவிட்டது என்பார்கள். வாரம் ஒரு முறை சராசரியைப் பற்றிப் பேசுங்கள்; மற்ற நாட்களில் வேறு எதையாவது பேசுங்கள்.

இந்தத் தகவல்கள் யார் கைக்குப் போகும்?

செயலியைப் பொறுத்தது. அழுத்தத்தைக் குறித்து வைக்கும் செயலிக்கு உங்கள் தொடர்புப் பட்டியலும் இருப்பிடமும் எதற்கு? கேட்டால் மறுத்துவிடுங்கள், மறுத்தால் இயங்காது என்றால் நீக்கிவிடுங்கள். இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. மருத்துவப் பதிவுகளை இணைக்க அரசு தரும் 14 இலக்க அடையாள எண்ணான ஆபா எண்ணைப் பெறுவது உங்கள் விருப்பம். உங்கள் பதிவுகளை ஒரு மருத்துவமனை அதன் வழியாகப் பார்க்க உங்கள் ஒப்புதல் வேண்டும். போனுக்குக் கடவுச்சொல் போட்டு வையுங்கள். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் தந்தையின் ஆய்வக அறிக்கையைப் போடுவதற்கு முன் அவரிடமே கேளுங்கள், அது அவருடையது.

அளக்க அளக்கப் பயம்தான் கூடுகிறது. நிறுத்திவிடலாமா?

ஒரு நாளில் பத்து முறை அளக்கிறீர்கள் என்றால் நிறுத்தத்தான் வேண்டும். பயம் அழுத்தத்தை ஏற்றும். ஏறிய எண் பயத்தை வளர்க்கும். ரத்த அழுத்தம் நாள் முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது இயல்பு. மாடிப்படி ஏறினாலும் மாறும், ஒரு தொலைபேசி அழைப்பாலும் மாறும். எண் நிலையாக இருப்பவர்கள், மருத்துவரிடம் போவதற்கு முந்தைய ஏழு நாட்களும், மருந்து மாறிய பின் அவர் சொல்லும் நாட்களும் அளந்தால் பெரும்பாலும் போதும். மற்ற நாட்களில் கருவியை அலமாரியில் வைத்துவிட்டு, மாத்திரைக்கான அலாரத்தை மட்டும் போனில் விட்டுவையுங்கள்.